இராஜமாணிக்கத்தின் டிஸ்க்

தறிக்குழியில் காலை இறக்கியதுமே இராஜமாணிக்கத்துக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டது. ஒரு வருஷமாக இதே கதைதான். பட்டுப்புடவை பாதியில் நிற்க, இனி நெய்யவே முடியாதோ என்ற பயம் அவரை அரித்தது.

வேலூர் டாக்டர் முதுகைத் தட்டிப் பார்த்து, எலும்பில் ஒரு கோளாறும் இல்லை என்றார்.

"வலி நெசந்தாங்க. நரம்புதான் பயந்துபோய் சும்மா சும்மா வலியைக் காட்டுது. சரியாயிடும்னு நம்பி, கொஞ்சங்கொஞ்சமா வேலையைப் பாருங்க."

மாத்திரை எழுதாத டாக்டரை எவன் நம்புவான்? தன்னைப் பைத்தியம் என்கிறார் என்றே இராஜமாணிக்கம் எடுத்துக்கொண்டார். யாரும் சொல்லாமலே ஒரு ஸ்கேன் எடுத்துக்கொண்டு சொந்த ஊரான சேவூருக்கு பஸ் ஏறினார்.

மருந்துக்கடை அன்பரசு ரிப்போர்ட்டின் கடைசி வரியை மட்டும் படித்தான்.

"டிஸ்க் பிதுங்கிகினு இருக்குதுண்ணா."

அன்று அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை மனைவி விருத்தாம்பாள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

வலிக்கு ஒரு பேர் கிடைத்ததும் அதற்குத் தைரியம் வந்துவிட்டது. பெல்ட் போட்டார், பெல்ட் இல்லாமல் நிற்க முடியாமல் போனது. பலகையில் படுத்தார், எழுந்திருக்க ஆள் வேண்டியிருந்தது. குனியக் கூடாதென்று செருப்பைக்கூட விருத்தாம்பாளே மாட்டிவிட்டாள். தங்கை மகள் கல்யாணத்துக்கு அவர் போகவில்லை. சந்தேகப்படுகிறவர்கள் பார்க்கட்டும் என்று மனைவியிடம் ஸ்கேன் ஃபிலிமைக் கொடுத்தனுப்பினார்.

"அந்த டாக்டர் சொன்னாமாரி ஒருவாட்டி நம்பித்தான் பாருங்களேன்" என்றாள் அவள்.

"டிஸ்க்கே வெளிய வந்துகினு இருக்குது. எத்த நம்பச் சொல்ற?"

சுவர் பக்கம் திரும்பிப் படுத்து அழுதார். அவளும் அடுப்படியில் அழுதாள்.

ஆறு மாதம் கழித்து, சேவூரைத் தாண்டியிருக்கும் சேத்துப்பட்டிலிருந்து அருணாச்சலம் என்ற நெசவாளி சைக்கிள் மிதித்து வந்து சேர்ந்தார். கையில் அதே ஸ்கேன் சென்டர் கவர். ஸ்கேன் எடுத்த அன்று வேலூர் பஸ்ஸில் இடமில்லாமல் நின்றவர், எல்லோரும் செய்வதுபோல, தன் கவரை உட்கார்ந்திருந்த இராஜமாணிக்கத்தின் மடியில் கொடுத்து வைத்தாராம். சேவூரில் இவர் இறங்கும் அவசரத்தில் கவர் மாறிவிட்டது. ரிப்போர்ட்டில் வேறு பேர் இருப்பதை அருணாச்சலத்தின் மகள் நேற்றுதான் கவனித்து, சென்டரில் கேட்டு விலாசம் வாங்கினாளாம்.

இராஜமாணிக்கத்தின் கை பெல்ட்டைத் தடவியது.

"எனக்கும் எழுந்திருக்க முடியாத இடுப்பு வலிங்க" என்றார் அருணாச்சலம். "இதுல எல்லாம் நல்லா இருக்குதுன்னு போட்டிருந்துச்சா, மறுநாளே தறியில உக்காந்துட்டேன். ஆமா, என்னுதுல என்னாங்க போட்டிருக்குது?"