ஓய்வு பெறலாம் என்று ஓர் அறிவிப்பு

பெருமதிப்பிற்குரிய மூத்த சகலை அவர்களுக்கு, இளைய சகலை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு நான் நலம். உங்கள் கொழுந்தியாளும் நலம். முழங்கால் ஆபரேஷன் முடிந்து ஏழு வாரம் ஆகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரை வந்து, நான் செய்வதில் குற்றம் கண்டுபிடிக்கும் அளவுக்குத் தேறிவிட்டாள். அங்கு நீங்களும் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சௌக்கியமாக இல்லாவிட்டாலும் இந்தக் கடிதத்தை முழுவதும் படித்துவிட்டு அப்புறம் டாக்டரிடம் போகவும். விஷயம் அவசரம்.

நீங்கள் போலீஸ் வயர்லெஸ் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவர். சுவருக்குள் ஒயர் ஓடினால் சுவரின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவீர்கள் என்று அக்கா பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு இப்போது தேவைப்படுவது அந்த மாதிரி ஆள்தான்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் அவசர அழைப்பு மேஜை. நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிட்டால் எடுக்கிறவன் நான். "பயப்படாதீங்க, காத்து வரும். கதவைத் தள்ளாதீங்க. ஆள் கிளம்பிட்டாங்க" என்ற மூன்று வாக்கியங்களை இருபத்தாறு வருடமாகச் சொல்லிக் குடும்பம் நடத்துகிறேன். இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு. அந்த இரண்டு வருடத்துக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருக்கிறது.

மூன்று வாரத்துக்கு முன்னால் பழைய உதிரிபாக அறையைக் காலி செய்தார்கள். எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. இளம்பச்சை நிறத்தில் பெயின்ட் அடித்தார்கள். பிறகு எங்கள் மேலாளர் ஓர் அறிவிப்பு ஒட்டினார். அவர் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த முப்பது சொச்சம் வயதுப் பையன். எப்போதும் சிரித்தபடி இருப்பதால் 'சிரிப்பு' என்றே எல்லாரும் கூப்பிடுகிறோம். காரணமில்லாமல் சிரிக்கிற மேலாளரை நான் நம்புவதில்லை. அறிவிப்பில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? "ஊழியர்கள் எப்போது வேண்டுமானாலும் இங்கே ஓய்வு பெறலாம்." ஓய்வு எடுக்கலாம் என்று எழுதியிருந்தால் சரி. ஓய்வு பெறலாம் என்றால் என்ன அர்த்தம்? கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனால் பென்ஷனோடு வெளியே வரவேண்டியதா?

உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒரு மேஜை கிடையாது. ஒரு கடிகாரம் கிடையாது. கடிகாரம் இல்லாத ஆபீஸ் அறையை நீங்கள் உங்கள் சர்வீஸில் பார்த்திருக்கிறீர்களா? மூலையில் ஒரு செடி, மங்கலான ஒரு விளக்கு, மூட்டை மாதிரி மூன்று சமாசாரங்கள். பீன் பேக் என்று பெயராம், அதன்மேல் உட்காரவேண்டுமாம். கதவில் கண்ணாடி, அதாவது யார் யார் உள்ளே சோம்பேறித்தனமாகக் கிடக்கிறார்கள் என்று வெளியிலிருந்தே பெயர் குறித்துக்கொள்ளலாம். எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஆள் குறைக்கப் போகிறார்கள். முதலில் எவன் உள்ளே போகிறானோ அவன் காலி.

இதைவிடப் பெரிய சந்தேகம், பத்து நாளாக ஒருவரும் உள்ளே போகவில்லை. ஆனால் என்னை மட்டும் எல்லாரும் போகச் சொல்கிறார்கள். பக்கத்து மேஜையில் அழைப்பு எடுக்கிற அம்மா, "நீங்க கொஞ்ச நேரம் போய் சாய்ஞ்சுட்டு வாங்க சார், உங்க போனை நான் பாத்துக்கறேன்" என்கிறாள். பதினோரு வருடத்தில் என் பேனாவைக்கூட அவள் பார்த்துக்கொண்டதில்லை. மெக்கானிக்குகளின் போர்மன், நாங்கள் 'ஸ்பேனர்' என்று கூப்பிடுகிறவன், "மொத போணி நீங்கதான் அண்ணே" என்று முதுகில் கைவைத்துத் தள்ளாத குறை. எல்லாரையும் விலைக்கு வாங்கிவிட்டான் அந்தச் சிரிப்பு.

ஒட்டுக்கேட்கும் கருவி இருக்கிறதா என்று நானே பார்த்துவிடலாம் என்று செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் உள்ளே நுழைந்தேன். முதலில் செடி. நிஜச் செடிதானா என்று ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்தேன், நிஜம். மண்ணுக்குள் ஏதாவது புதைத்திருக்கிறார்களா என்று பேனாவால் தோண்டினேன், செடி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அதை நிமிர்த்தினால் விளக்கு சாய்ந்தது, விளக்கைப் பிடிக்கப் பின்னால் ஒரு அடி வைத்தேன், அவ்வளவுதான், அந்த மூட்டைக்குள் போய்விட்டேன். சகலை, அதற்குள் விழுவது சுலபம், எழுந்திருப்பதற்கு வழியே இல்லை. கையை ஊன்றினால் கை உள்ளே போகிறது, காலை உதைத்தால் நான் உள்ளே போகிறேன். வயிற்றின் மேல் விளக்கு, சட்டையெல்லாம் மண். அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு சிரிப்பு வந்தார்.

"பயப்படாதீங்க சார், காத்து வரும்" என்றார்.

என் வாக்கியத்தை எனக்கே சொல்கிறார்! என் அழைப்புகளை எல்லாம் உட்கார்ந்து கேட்கிறார் என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? என் கையைப் பிடித்து இழுத்தார். இழுத்த இழுப்பில் அவரே வழுக்கிப் பக்கத்து மூட்டைக்குள் விழுந்தார். இரண்டு பேரும் கவிழ்ந்த ஆமைகள் மாதிரி கூரையைப் பார்த்தபடி கிடந்தோம்.

"நீங்க எப்ப வேணாலும் இங்க வரலாம் சார். யார்கிட்டயும் கேக்கணும்னு இல்ல" என்றார்.

"எதுக்கு சார்?"

"சும்மாதான்."

இருபத்தாறு வருடத்தில் ஒன்பது மேலாளர்களைப் பார்த்துவிட்டேன். சும்மா என்ற சொல்லை ஒருவர்கூட உபயோகித்ததில்லை. பிறகு மெதுவாக, "வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார். சட்டையில் இருந்த மண்ணைத் தட்ட ஆரம்பித்தேன். உங்கள் கொழுந்தியாளை இரவில் இரண்டு மூன்று தடவை தாங்கிப் பிடித்து நடத்த வேண்டியிருக்கிறது என்பதும், எனக்குச் சரியான தூக்கமில்லை என்பதும் ஆபீஸில் ஒருவருக்கும் தெரியாது. அவசர அழைப்பு எடுக்கிறவனுக்குத் தூக்கமில்லை என்று தெரிந்தால் அந்த நாற்காலியில் வைத்திருப்பார்களா? கடைசியில் ஸ்பேனர் வந்து, "இதுக்கு லிஃப்டே தேவலை" என்று முனகிக்கொண்டே எங்கள் இரண்டு பேரையும் வெளியே எடுத்தான்.

மறுநாள் குட்டு வெளிப்பட்டது. தினமும் மத்தியானம் இரண்டிலிருந்து மூன்று மணி வரை என் அழைப்புகளைப் பக்கத்து மேஜைக்கு மாற்றிவிட்டாராம் சிரிப்பு. இன்றைக்கு ஒரு மணி நேரம், நாளைக்கு அரை நாள், அடுத்த மாதம் வீட்டுக்குப் போ. பொறுத்தது போதும் என்று தலைமை அலுவலகத்துக்கு ஒரு புகார் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். சிரிப்பு என்ற இடத்தில் அவருடைய பதவியைப் போட்டுத் திருத்தி, உங்கள் ஊர்த் தபால் நிலையத்திலேயே சேர்த்துவிடவும். திங்கட்கிழமை செடி பராமரிப்பவர் போல வேஷம் போட்டுக்கொண்டு, உங்கள் கருவிகளுடன் எங்கள் ஆபீஸுக்கு வரவும். மீசையை எடுத்துவிட்டால் நல்லது. போலீஸ் மீசை என்று தூரத்திலேயே தெரிகிறது.

அக்காவுக்கு என் நமஸ்காரம். பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசிகள், நன்றாகப் படித்து, மேலாளர் சிரிக்காத ஆபீஸில் வேலைக்குச் சேரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வருகையை எதிர்நோக்கும்
இளைய சகலை

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு பிரித்து இதை எழுதுகிறேன். வரவேண்டாம். மீசையில் கை வைக்கவேண்டாம். புகாரைத் தேடாதீர்கள், கிழித்துவிட்டேன். இந்தக் கடிதத்தையும் கிழித்திருப்பேன், இவ்வளவு எழுதிய பிறகு மனம் வரவில்லை.

இன்று காலை ஒரு வயதான அம்மாள் கைத்தடியுடன் ஆபீஸுக்கு வந்தார். ஓய்வுபெற்ற டீச்சராம். நடுக்கூடத்தில் நின்று, "குறட்டை விட்ட தம்பி யாரு?" என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஐந்து வாரத்துக்கு முன்னால் அவர் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறார். நான்தான் எடுத்தேனாம். ஆளை அனுப்பிவிட்டு, போனை வைக்காதீர்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டுத் தூங்கிப்போனேனாம்.

"மொதல்ல ஏதோ மெஷின் ஓடுதுன்னு நெனச்சேன் தம்பி. அப்பறம்தான் புரிஞ்சுது. எழுப்ப மனசு வரல. அதான் ஆள் கிளம்பிட்டாங்கன்னு சொல்லிட்டீங்களே. தரையில உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தேன். பக்கத்துல ஒரு மனுஷன் இருக்கற மாதிரி இருந்துச்சு, பயமே வரல."

அவசர அழைப்பில் தூங்குவது அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பக்கூடிய குற்றம். அந்த அம்மாள் அப்போதே மேலாளருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். புகார் இல்லை, அந்தத் தம்பிக்குக் கொஞ்சம் படுக்க இடம் கொடுங்கள் என்று. மேலாளர் கடிதத்தைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பவில்லை. உதிரிபாக அறையைக் காலி செய்திருக்கிறார். முழங்கால் விஷயமும் எல்லாருக்கும் தெரியுமாம். ஒருநாள் ஸ்பேனர் என் வீட்டுக்குப் போன் செய்தபோது உங்கள் கொழுந்தியாளே விலாவாரியாகச் சொல்லியிருக்கிறாள். "சொன்னா நீங்க சங்கடப்படுவீங்க. நீங்க உள்ள போறதுக்கு முன்னாடி நாங்க யாரும் போகக்கூடாதுன்னு பேசி வச்சிருந்தோம்" என்றாள் பக்கத்து மேஜை அம்மா. மேலாளரிடம் போய், "செடியைச் சாய்ச்சதுக்கு மன்னிச்சுக்கங்க சார்" என்றேன். சிரித்தார்.

இரண்டு மணிக்குப் போய்ப் படுத்தேன். மூன்றரைக்கு விழித்தபோது என்மேல் ஒரு போர்வை இருந்தது. யாருடையது என்று ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தேன். அத்தனை பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு "தெரியாது சார்" என்றார்கள். எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது. இந்த ஒன்றை மட்டும் விசாரிக்கப்போவதில்லை.