நூற்றெட்டுச் சுற்றும் ஒரு ராட்டினமும்

"இந்த வீட்டில் இனி யாரும் சினிமா பார்க்கக் கூடாது!"

நல்லகண்ணு காலை ஏழு மணிக்கு, பல் விளக்கின கையோடு உத்தரவு போட்டார். "நான் சொன்னா சொன்னதுதான்."

அடுப்படியிலிருந்து பெஞ்சாதி பேச்சித்தாய் எட்டிப் பார்த்தாள். "சரி. காபிக்குச் சீனி போதுமான்னு பாருங்க."

காபி ஆறும் வரைதான் அந்த உத்தரவுக்கு ஆயுசு. எட்டு மணி பஸ்ஸில் கொழும்பு மச்சான் வந்து இறங்கிவிட்டார், இரண்டு பெட்டிகளோடு.

மச்சான் ஆறுமுகச்சாமி பேச்சித்தாயின் கூடப்பிறந்த அண்ணன். கொழும்பில் தேயிலைக் கம்பெனிக் கிளார்க். தாயகம் போன துரை ஒருவர் விட்டுச் சென்ற சினிமாப் பெட்டியை வாங்கி வைத்திருந்தார். உலகச் சண்டை தொடங்கின மறுவருஷம், நாற்பதாம் வருஷக் கோடையில், எல்லாரும் மதுரைப் பொருட்காட்சிக்குப் போனபோது அந்தப் பெட்டியால் படம் எடுத்தார். படத்தை ஓட்டிக் காட்ட மெஷின் இல்லாததால் பதினேழு வருஷமாக அது டப்பாவிலேயே கிடந்தது. இப்போது மெஷினும் வாங்கிவிட்டார். ஆடித்தபசுக்கு வந்த இடத்தில், நல்லகண்ணுவின் மகள் மாரித்தாயும் மருமகன் சங்கரசுப்புவும் வந்ததும் வீட்டுச் சுவரில் ஓட்டப் போகிறார்.

மற்றவர்களுக்கெல்லாம் அது கொண்டாட்டம். நல்லகண்ணுவுக்குத்தான் கண்டம்.

காரணம் இதுதான். மருமகன் ராயகிரிப் பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார். மார்பு கதவு அகலம். அப்பேர்ப்பட்டவன் மாமனாரைக் கண்டால் எழுந்து நிற்பான். அது நூல் கடைக்காரர் என்பதற்காக அல்ல. பெண் பார்க்க வந்த அன்று நல்லகண்ணு சொன்ன கதைக்காக.

"மதுரையில ராட்சத ராட்டினம் மாப்ள. உச்சியில போயி நின்னுட்டு. மேல இருக்கிற சனமெல்லாம் ஐயோ அப்பான்னு அலறுது. ஒங்க அத்தை மயங்கி என் தோள்ல சாஞ்சுட்டா. நான் ஒரு கையால அவளைப் பிடிச்சேன். மறு கையால மீசையைத் தடவிக்கிட்டு, பயப்படாதீங்கடான்னு ஒரு சத்தம். அம்புட்டுத்தான். கப்சிப்!"

நடந்தது வேறு. மயங்கினது யாரும் இல்லை. ஐந்து வயசு மாரித்தாய் கைகொட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பேச்சித்தாய் மதுரைக் கோபுரங்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். நல்லகண்ணு மட்டும் அவள் முந்தானைக்குள் தலையை விட்டுக்கொண்டு, "ஏ கோமதி, தாயே! என்னைக் கீழ இறக்கி விடு! ஆடிச்சுத்து நூத்தியெட்டுச் சுத்துதேன்!" என்று அலறினார்.

தாய் இறக்கிவிட்டாள். இவர் ஒரு சுற்றும் சுற்றவில்லை.

எங்கள் சங்கரன்கோவிலில் ஆடித்தபசுக்குக் கொடி ஏறிவிட்டால், சனங்கள் கோயில் பிரகாரத்தைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். கோமதி அம்பாள் ஒற்றைக் காலில் தபசு நிற்கிறாள் அல்லவா, அவள் கால் நோவில் நாமும் கொஞ்சம் வாங்கிக்கொள்வதாக நம்பிக்கை. பேச்சித்தாய் வருஷம் தவறாமல் சுற்றுவாள். வருஷம் தவறாமல் இவரையும் கூப்பிடுவாள். ஒரு வருஷம் முழங்கால், ஒரு வருஷம் கடை, ஒரு வருஷம் தூறல். நேர்ந்தது நிற்கிறதே என்று பதினேழு வருஷமாக அவளுக்கு நெஞ்சில் ஒரு முள்.

நல்லகண்ணு மச்சானிடம் மெல்லத் தூண்டில் போட்டுப் பார்த்தார்.

"கொழும்புல மழை சாஸ்தியோ மச்சான்? பிலிமெல்லாம் பூத்துப் போயிருக்குமே?"

"ஒரு கீறல் கிடையாது மச்சான்."

"கறையான்?"

"தகர டப்பாவுல எங்கன இருந்து கறையான் வரும்?"

அதற்கு மேல் கேட்டால் மடியில் இருக்கும் கனம் தெரிந்துவிடும். மச்சான் குளிக்கப் போன நேரம், டப்பாவைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு தொழுவத்துக்குப் போனார். கையில் கத்தரிக்கோல். பசுமாடு அவரைச் சந்தேகமாகப் பார்த்தது.

பிலிமை வெயிலுக்கு நேரே பிடித்தார். கடுகு கடுகாக மனுஷர்கள். யார் ஆண், யார் பெண் ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் உருவினார். வட்டமாக ஏதோ ஒன்று. ராட்டினம்! அவருக்கு அங்கேயே தலை சுற்றியது.

"வெயில்ல என்னத்தைக் காயப் போடுதீக?"

பின்னால் பேச்சித்தாய், கையில் கழுநீர்ப் பானையோடு.

"பூச்சி அரிச்சிருக்கான்னு பாக்கேன்."

"கத்தரிக்கோலு பூச்சிக்கா?"

நல்லகண்ணு கத்தரிக்கோலை இடுப்பில் செருகினார். குத்தியது. எடுத்துவிட்டார்.

"ஏட்டி, உள்ளதைச் சொல்லு. அன்னைக்கு நாம உச்சியில கிடக்கையில ஒங்க அண்ணன் எங்கன நின்னாரு?"

"கீழ நின்னாக. பெட்டியைக் கண்ணுல வச்சமேனிக்கு நம்மளயே பாத்துக்கிட்டு நின்னாக. நாம இறங்குத வரைக்கும் கண்ணை எடுக்கலை."

"போச்சு! மருமகன் பாத்தாம்னா என் மானம் கப்பலேறிரும். ஒங்க அண்ணன்கிட்டச் சொல்லி அந்த எடத்தை மட்டும் காட்டாம பண்ணிரேன்."

"அம்பாளுக்குச் சொன்னதையே செய்யாதவுகளுக்கு நான் எந்த மூஞ்சியோட பரிஞ்சு பேசுவேன்?"

"அது பயத்துல சொன்னதுட்டி!"

"பயத்துல சொன்னாலும் அவ காதுலதான விழுந்துது? அவ இறக்கித்தான விட்டா?" பேச்சித்தாய் பானையை மாட்டுக்கு வைத்தாள். "நூத்தியெட்டையும் முடிங்க. ஒங்க பயந்த முகம் ஒரு பொட்டு கூடச் சுவத்துல விழாது. அதுக்கு நான் பொறுப்பு."

"ஐம்பத்துநாலு?"

"நூத்தியெட்டு."

"இந்த வருஷம் பாதி, வாற வருஷம் பாதி?"

"படம் நாளைக்கு."

நல்லகண்ணு குளித்து, வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு கிளம்பினார். எண்ணிக்கை தவறாமல் இருக்கப் பேச்சித்தாய் நூற்றெட்டுப் புளியங்கொட்டையைப் பையில் போட்டுக் கொடுத்தாள். சுற்றுக்கு ஒன்றாக அவள் விரித்த துண்டில் போட வேண்டும். அவளோ பிரகார மூலையில் கண்ணை மூடி உட்கார்ந்து அம்பாள் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாம் சுற்றில் நல்லகண்ணு சத்தமில்லாமல் இரண்டு கொட்டையைப் போட்டார்.

"ஒண்ணை எடுங்க," என்றாள், கண் திறக்காமல்.

நாற்பதில் முழங்கால் பேசியது. அறுபதில் இடுப்பு பதில் சொன்னது. எழுபத்தைந்தாவது சுற்றில் மகளும் மருமகனும் ராயகிரி பஸ்ஸில் வந்து, நேரே கோயிலுக்கே வந்துவிட்டார்கள்.

"மாமா! ஆடிச்சுத்தா? எத்தனை?"

"நூத்தியெட்டு மாப்ள. குடும்ப நன்மைக்கு."

சங்கரசுப்புவுக்குப் புல்லரித்துவிட்டது. "இந்த வயசுல! மிச்சத்தை நானும் சேர்ந்து சுத்துதேன் மாமா. நெஞ்சை நிமித்துங்க. முழங்காலை ஒசத்துங்க. லெப்ட், ரைட்! லெப்ட், ரைட்!"

மிச்சம் முப்பத்துமூன்று சுற்றையும் நல்லகண்ணு டிரில் எடுத்தபடியே முடித்தார். கடைசிக் கொட்டையைப் போட்டபோது பேச்சித்தாய் சன்னிதியைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினாள். அவள் கண் கலங்கியிருந்தது. நல்லகண்ணு அதைப் பார்க்கவில்லை. அவர் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதியம் சாப்பாடு முடிந்ததும், பின்கட்டு அறையின் ஜன்னலைச் சமுக்காளத்தால் மூடி, சுவரில் சலவை வேட்டியைக் கட்டினார்கள். மெஷின் கடகடவென்று ஓடியது.

வேட்டியில் மதுரை வந்தது. பஞ்சுமிட்டாயோடு மாரித்தாய் வந்தாள். மிட்டாய் கீழே விழ, வாயைப் பிளந்து அழுதாள். சத்தமே இல்லாத அழுகை.

"அய்யோ, நானா இது!" என்று பெரிய மாரித்தாய் புருஷன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

நல்லகண்ணு வந்தார், தொப்பையை எக்கிக்கொண்டு. கோணல் கண்ணாடி முன்னால் நின்றார். தொப்பை கண்ணாடியில் பூசணிக்காய் ஆனது. எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ஒரு மெலிந்த பெண், காதில் தோடு ஆட, பெட்டியைப் பார்த்து வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பினாள்.

"ஏட்டி, இது நீயா?" நல்லகண்ணு ஒரு நிமிஷம் பயத்தையே மறந்துவிட்டார்.

"பின்ன யாரு? வாயை மூடுங்க, மாப்ள இருக்காக."

பிறகு குதிரை ராட்டினம். மரக்குதிரைகள் வட்டம் சுற்றின. தொழுவத்தில் பார்த்த வட்டம் அதுதான்! பிறகு பெரிய ராட்டினத்தின் டிக்கெட் வரிசை. நல்லகண்ணு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

கடகடப்பு நின்றது. திறந்து பார்த்தால் வெறும் வேட்டி.

"அம்புட்டுத்தானா மச்சான்?" அவர் குரல் கீச்சென்று வந்தது. "ராட்டினம்?"

"பிலிம் வரிசையிலேயே தீந்துட்டே! பிள்ளை ஏமாந்து போவாளேன்னு வெறும் பெட்டியைக் கண்ணுல வச்சுக்கிட்டு நின்னேன்."

நல்லகண்ணு மெல்லப் பெஞ்சாதி பக்கம் திரும்பிக் காதோரம் கிசுகிசுத்தார்.

"ஏட்டி, ஏமாத்திப்புட்டியே!"

"படம் எடுத்தாகன்னு நான் சொன்னனா? பாத்துக்கிட்டு நின்னாகன்னுதான சொன்னேன்? பிலிம் தீந்த கதையை அண்ணன் எனக்கு அன்னைக்கே சொல்லிட்டாக. ஒங்க முகம் சுவத்துல விழாதுன்னேன். விழுந்துதா?"

நல்லகண்ணு முழங்காலை நீவிக்கொண்டார். கால் வலித்தது. ஆனால் யோசிக்க யோசிக்க ஒரு சந்தோஷமும் ஊறியது. படம் இல்லை; அப்படியென்றால் சாட்சி இல்லை! தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அடடா மாப்ள, முக்கியமான கட்டம் போச்சே! உச்சியில நின்னுதா? சுத்தி நாலு தொட்டியில இருந்தவனும் அழுதான். நான் எந்திரிச்சே நின்னுட்டேன். ஒத்தக் கால்ல!"

"ஒத்தக் கால்லயா!" சங்கரசுப்பு எழுந்தே நின்றுவிட்டான். "மாமா, தேரடித் திடல்ல ராட்சத ராட்டினம் வந்திருக்கு. மதுரையை விட ஒசரமாம். சாயந்தரம் நாம ரெண்டு பேரும் ஏறுவோம்!"

"எனக்குக் கால் வலி மாப்ள..."

"உக்காரத்தான மாமா செய்யணும்?"

நல்லகண்ணு பரிதாபமாகப் பேச்சித்தாயைப் பார்த்தார். அவள் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள்.

"கூட்டிக்கிட்டுப் போங்க மாப்ள. மாமாவுக்கு ராட்டினம்னா உசிரு."

வெயில் தாழ்ந்ததும் போனார்கள். ராட்டினம் ஏறியது. கோபுரம் கண்ணுக்கு நேரே வந்ததும், ஆள் ஏற்றுவதற்காகச் சற்று நின்றது.

"ஏ கோமதி, தாயே! ஆயிரத்தெட்டுச் சுத்துதேன்!"

திடல் முழுக்க அண்ணாந்து பார்த்தது. மருமகன் மடியில் தலையைப் புதைத்திருந்த நல்லகண்ணு ஒரு கண்ணைத் திறந்து கீழே பார்த்தார். பேச்சித்தாய் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கொழும்பு மச்சான், பெட்டியைக் கண்ணில் வைத்தபடி.

இந்தத் தடவை பெட்டிக்குள் பிலிம் இருந்தது.