நரம்புக்கல்லும் நல்லி எலும்பும்

தாடிக்கொம்பு சாலையில் இருந்த அந்தக் கல்யாண மண்டபத்தில், முகூர்த்தமே இல்லாத மாதத்திலும் கூட்டம் அலைமோதியது. அகரத்திலிருந்து ஆட்டோவில் வந்தார்கள். திண்டுக்கல்லிலிருந்து டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தார்கள். எல்லாரும் வந்தது நரம்பு வேந்தர் ராயப்பராஜைப் பார்க்க. கொரோனாவில் பிழைத்தவர்களின் நரம்புக்குள் கிருமி இன்னும் ஒளிந்திருக்கிறதா என்று கையை அமுக்கியே சொல்லிவிடுவாராம். மின்சாரம் இல்லை, ஊசி இல்லை, படிப்பும் இல்லை. கடைசிச் சங்கதியை மட்டும் பேனரில் போடவில்லை.

பூட்டுக்கடை சூசைமுத்துவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். கொரோனா அவரை ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு படுக்கப் போட்டுவிட்டுத்தான் விட்டது. வீடு திரும்பிய பிறகு பாதம் மரத்துப்போனது. விரல்களில் பிடிமானம் இல்லை. தான் விற்கும் பூட்டைத் தன்னாலேயே திறக்க முடியாமல் கடையில் திணறினார். அதைப் பார்த்த ஜனங்கள், அம்புட்டு உறுதியான பூட்டா என்று வியந்து வாங்கிப் போனது வேறு விஷயம்.

டாக்டர் அவரை நரம்பு, தசைப் பரிசோதனைக்குப் போகச் சொன்னார். கிருமி கடுமையாகத் தாக்கியவர்களில் சிலருக்கு நரம்பு பழுதாகும் என்றும், நரம்பில் லேசான மின்சாரம் கொடுத்து அது எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்ப்பார்கள் என்றும், தசைக்குள் மெல்லிய ஊசி வைத்தும் பார்ப்பார்கள் என்றும் பொறுமையாக விளக்கினார். ‘மின்சாரம்’ என்றபோது சூசைமுத்து எழுந்துவிட்டார். ‘ஊசி’ என்றபோது வாசலில் இருந்தார்.

மனைவி அன்னாள் கணக்கு டீச்சர். அவர் கெஞ்சிப் பார்த்தார், திட்டியும் பார்த்தார். சூசைமுத்து மண்டபத்துக்குத்தான் போனார்.

மேடையில் ராயப்பராஜ் அவருடைய வலது கையை நீட்டச் சொல்லி அமுக்கினார். கை தொப்பென்று விழுந்தது. கிருமி நரம்பைச் சுற்றிக்கொண்டு குடித்தனம் நடத்துகிறது என்றார். பிறகு இடது கையில் ஒரு கறுப்புக் கல்லைக் கொடுத்து மறுபடி அமுக்கினார். வலது கை மலைக்கோட்டை மாதிரி நின்றது. கூட்டம் கைதட்ட, சூசைமுத்துவுக்குக் கண் கலங்கியது. கல்லை வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டார். டாக்டர் எழுதிக் கொடுத்திருந்த மாத்திரையை நிறுத்தினார். கல்லுக்கும் மாத்திரைக்கும் ஆகாதாம்.

சில நாளில் மாடிப்படியில் கால் மடங்கி உருண்டார். முன்பல் உடைந்தது. கிருமி பல் வழியாக வெளியேறிவிட்டது, நல்லதுதான் என்றார் ராயப்பராஜ். சூசைமுத்து ஓட்டைப் பல்லோடு சிரித்து அதையும் நம்பினார். அன்னாள் அன்றைக்கே கத்தரிக்கோலையும் துணியையும் எடுத்துக்கொண்டு தைக்க உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கணவரோடு அவரும் மேடையேறினார். பஞ்சு வைத்துத் தைத்த, ஒரே மாதிரியான மூன்று பைகளை எடுத்து வைத்தார்.

“அண்ணே, இதுல ஒண்ணுக்குள்ள நீங்க குடுத்த கல்லு இருக்கு. மத்த ரெண்டுல வேற சாமான். நல்லா கலந்துபுட்டேன், எதுல எதுன்னு எனக்கே தெரியாது. இவரு கையில ஒவ்வொண்ணா வச்சு அமுக்கிப் பாருங்க. கல்லு எதுன்னு சொல்லிட்டீகன்னா, ஊரெல்லாம் நானே போஸ்டர் ஒட்டுறேன்.”

சந்தேகம் இருக்கும் இடத்தில் கல் வேலை செய்யாது என்று ராயப்பராஜ் நழுவப் பார்த்தார்.

“சந்தேகம் எனக்குத்தானே. நீட்டப் போறது அவரு கை. அவரு உங்களை முழுசா நம்புறாரு.”

சூசைமுத்து பெருமையாகத் தலையாட்டினார். டீச்சர் மூக்குடைபடுவதைப் பார்க்கும் ஆசையில் கூட்டமும் அமுக்கச் சொன்னது. வேந்தருக்கு வேறு வழியில்லை.

முதல் பைக்குக் கை விழுந்தது. இரண்டாவதற்கும் விழுந்தது. மூன்றாவது பையை வைத்து அமுக்கியபோது கை இரும்பாக நின்றது. இதுதான் கல் என்று ராயப்பராஜ் அறிவிக்க, மண்டபம் அதிர்ந்தது. அன்னாள் பையை வெட்டினார். உள்ளேயிருந்து பிரியாணி வாசத்தோடு ஒரு நல்லி எலும்பு விழுந்தது. முதல் பையில் கொட்டைப்பாக்கு இருந்தது. கை விழுந்த இரண்டாவது பையில்தான் சர்வ சக்தி படைத்த நரம்புக்கல் கிடந்தது.

அது நல்ல நரம்புள்ள ஆடாக இருந்திருக்கும் என்றார் ராயப்பராஜ்.

சூசைமுத்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

“அன்னாளு, விழுறப்பல்லாம் மணிக்கட்டுல அமுக்குறாரு. நிக்கிறப்ப முழங்கைகிட்ட அமுக்குறாரு. அன்னைக்கும் இப்படித்தான் அமுக்குனாரு.”

செத்த நேரத்தில் மண்டபம் முழுக்க ஒருத்தர் கையை ஒருத்தர் அமுக்கிக்கொண்டிருந்தார்கள். மணிக்கட்டில் அமுக்கினால் விழுந்தது, முழங்கைப் பக்கம் அமுக்கினால் நின்றது. கல் இல்லாமலே, எலும்பு இல்லாமலே நின்றது. எல்லாரும் நிமிர்ந்து பார்த்தபோது நரம்பு வேந்தர் பந்திக்கூடத்தின் பின்வாசல் வழியாகப் போய்விட்டிருந்தார். அவருடைய கால் நரம்புகளில் ஒரு பழுதும் இல்லை என்பது அந்த ஓட்டத்தில் தெரிந்தது.

அந்த வாரமே சூசைமுத்து நிஜப் பரிசோதனைக்குப் போனார். கருவியைப் போடுவதற்கு முன்பே ஒரு தடவை கத்தினார். மற்றபடி எறும்புக்கடி அளவுதான். நரம்பு பழுதாகியிருக்கிறது, மாத்திரையோடு உடற்பயிற்சியும் செய்தால் மெல்ல மெல்லச் சரியாகும் என்றார் டாக்டர். முன்னாலேயே வந்திருந்தால் பல்லாவது மிஞ்சியிருக்கும் என்றும் சொன்னார்.

ஊர் திருந்திவிட்டது என்று அன்னாள் நினைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலில் ஒரே கூட்டம். முன்னால் நின்றவர் கும்பிட்டுக் கேட்டார்:

“டீச்சர், அந்த எலும்பு எந்தக் கடை பிரியாணியில எடுத்தீக?”

மூளை வேலை செய்கிறதா என்று பார்க்க மின்சாரம் வேண்டாம், ஊசியும் வேண்டாம். கேள்வி கேட்டால் போதும். ஆனால், அது இந்தக் கேள்வி இல்லை.