இயற்பியல் எளிது, மாணவி உற்சாகம்

தேர்வில் வெல்வது எப்படி என்று சொல்லித்தருகிற எல்லோருக்கும் பொதுவாக ஒரு தகுதி உண்டு. அந்தத் தேர்வை அவர்கள் எழுதப்போவதில்லை. நானும் ஒரு மார்ச் மாதம் அப்படிச் சொல்லித்தந்தவன்தான். என் பெயரோடு, மார்பளவுப் புகைப்படத்தோடு, நான்கு பத்தி அகலத்துக்குச் சொல்லித்தந்தேன். (புகைப்படத்தில் மோவாயில் கைவைத்திருப்பேன். சிந்திக்கிறேனாம்.) அந்த முகத்தை இப்போது பார்த்தாலும் எனக்கு அறையத் தோன்றுகிறது.

அப்போது நான் கள்ளக்குறிச்சியில் ஒரு நாளிதழின் இளநிலை நிருபர். ரிஷிவந்தியம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோவேன். பிளஸ் டூ தேர்வு நெருங்கியதும் எல்லாப் பத்திரிகைகளும் ‘வெற்றிக்கு உத்திகள்’ என்று ஒரு பக்கம் போடும். எங்கள் பக்கத்துக்கு எழுதுவதாக ஒப்புக்கொண்ட ஓய்வுபெற்ற ஆசிரியர் காய்ச்சலில் படுத்துவிட்டார். பக்கம் காலியாக இருந்தது. தலைமை நிருபர் அறையைச் சுற்றிப் பார்த்தார். அங்கே நான் மட்டும்தான் இருந்தேன்.

“நீ பிளஸ் டூ பாஸ்தானே?”

“பாஸ் சார்.”

“அப்புறம் இன்னா? எழுது.”

கல்வி நிபுணர் பதவிக்கு எனக்கு நடந்த நேர்முகத் தேர்வு இவ்வளவுதான்.

எழுதினேன். நான் பிளஸ் டூ எழுதியது ஆயிரத்து இருநூறு மதிப்பெண் காலத்தில். பத்து மதிப்பெண் கேள்விகள் என்று மலைபோல் நான்கு நிற்கும். அவற்றை முதலில் ஏறி இறங்கியவன் பிழைத்தான். நான் கட்டுரை எழுதிய வருடத்தில் அந்த முறையே இல்லை. மொத்தம் அறுநூறு, பெரிய கேள்விக்கு ஐந்து மதிப்பெண்தான். இது எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். முறை மாறியதைச் செய்தியாக எழுதியதே நான்தான். ஆனால் செய்தியாக எழுதும் விஷயங்களை நாங்கள் மறுநாள் வரை வைத்துக்கொள்வதில்லை.

எனவே இப்படி எழுதினேன்: ‘கை சோர்வதற்கு முன்பே பெரிய கேள்விகளை முடித்துவிடுங்கள். ஒரு மதிப்பெண் வினாக்கள் எங்கும் ஓடிவிடாது. அவற்றைக் கடைசிப் பத்து நிமிடத்தில் பார்த்துக்கொள்ளலாம். கூடுதல் தாள் வாங்கத் தயங்காதீர்கள். விடைத்தாளின் கனம், திருத்துபவரின் மனத்தில் பதியும்.’

‘எங்கும் ஓடிவிடாது’ என்று எழுதியபோது நானே ஒருமுறை சிரித்துக்கொண்டேன். அவ்வளவு பிடித்திருந்தது.

அந்த வருடம் என் தங்கை கவிதா பிளஸ் டூ. வேளாண்மைப் பட்டப்படிப்பில் அரசு இடம் வாங்குவது என்று பத்தாம் வகுப்பிலேயே முடிவு செய்தவள். அப்பா கரும்பு போட்டு, ஆலையின் வெட்டு உத்தரவுக்குக் காத்திருந்து காத்திருந்து கரும்பு காய்ந்து எடை குறைவதை வருடாவருடம் பார்த்து வளர்ந்தவளுக்கு அந்தப் படிப்பின்மேல் ஒரு கோபமான ஆசை. நன்றாகப் படிப்பாள். திருப்புதல் தேர்வுகளில் இயற்பியலில் தொண்ணூறைத் தொட்டுக்கொண்டிருந்தாள். முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்வி வரை வரிசையாக எழுதுவாள். அதற்குமேல் அவளிடம் உத்தி என்று எதுவும் இருந்ததில்லை.

கட்டுரை வந்த அன்று காலை அம்மா அதை வெட்டி நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினாள். கவிதா படித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“அண்ணா, எங்க மிஸ்ஸு ஒன் மார்க்க மொதல்ல எழுதச் சொல்றாங்க.”

“உங்க மிஸ்ஸு சொல்றது சுமாரா படிக்கற புள்ளைங்களுக்கு. உனக்கு இதான் கரெக்டு.”

“இப்ப பத்து மார்க் கேள்வியே கெடையாது, தெரியும்ல?”

“பெரிய கேள்வின்னு எதுனா ஒண்ணு இருக்குமில்ல? அத எழுது மொதல்ல.”

அவள் நம்பவில்லை. அம்மாதான் தீர்ப்புச் சொன்னாள். “பேப்பர்லயே போட்டுக்கீது. ஒன் மிஸ்ஸு பேரு பேப்பர்ல வருதா? அண்ணன் சொல்றத கேளு.”

பத்திரிகையின் பலம் என்று பெரியவர்கள் மேடையில் பேசுவார்களே, அது அன்று எங்கள் வீட்டுச் சுவரில் பசையோடு ஒட்டியிருந்தது. கவிதா வரிசையை மாற்றச் சம்மதித்தாள்.

மொழிப்பாடங்களில் வரிசை மாறினாலும் அவள் சமாளித்துவிட்டாள். இயற்பியல் வந்தது. அன்று எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை, கள்ளக்குறிச்சியில் ஒரு தேர்வு மையத்தின் வாசலில் நின்று ‘தேர்வு முடிந்து உற்சாகத்துடன் வெளியே வரும் மாணவிகள்’ படம் எடுப்பது. அவள் எழுதிய மையமும் அதுதான். பெற்றோர்கள், ஆட்டோக்காரர்கள், வெள்ளரிப்பிஞ்சு விற்பவர்கள், இன்னொரு பத்திரிகையின் நிருபர் பாஸ்கர், நான். மணி அடித்தது. பிள்ளைகள் வந்தார்கள்.

கவிதா கடைசியாக வந்தாள். அழுகிறாள் என்று முதலில் நினைத்தேன். அழவில்லை. அழுது முடித்திருந்தாள்.

நான் செய்ததை எழுதவே கை கூசுகிறது. கேமராவைத் தூக்கி, “கவி, இங்க பாரு, சிரி” என்றேன்.

அவள் நேராக என்னிடம் வந்தாள்.

“எங்கயும் ஓடாதுன்னியே? ஓடிச்சிண்ணா. எல்லாம் ஓடிச்சி.”

“இன்னா ஆச்சு?”

“மின்மாற்றிக்குப் படம் போட்டுக்கினு, கலர் அடிச்சிக்கினு, அடிஷனல் ஷீட்டு வாங்கிக்கினு... அஞ்சி மார்க்கு எல்லாத்தையும் முடிச்சி, நடுவுல இருக்கறதையும் முடிச்சி நிமிந்து பாத்தா பேப்பர கட்டுங்கறாங்க. ஒன் மார்க்கு அப்படியே கெடக்குது. வெறும் அ, ஆ, இ, ஈன்னு எழுதிட்டு வந்தேன். விடைய எழுதல.”

இதில் ஒரு விவரம் சொல்ல வேண்டும். ஒரு மதிப்பெண் வினாவுக்குக் குறியீட்டை மட்டும் எழுதினால் போதாது. விடையையும் சேர்த்து எழுத வேண்டும். கேள்வித்தாளின் தலையிலேயே அச்சடித்திருக்கும். என் கட்டுரையில் அதற்கு இடமில்லாமல் போயிற்று. என் புகைப்படத்துக்கு இடம் இருந்தது.

நான் அந்த நேரத்திலும் நிபுணராகவே இருந்தேன். “பரவால்ல, பிரசென்டேஷன் நல்லா இருந்தா...” என்று ஆரம்பித்தேன்.

அவள் பரீட்சை அட்டையை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கினாள். நான் குனிந்தேன். தோள்பட்டையில் விழுந்தது. மறுபடி தூக்கினாள். மறுபடி விழுந்தது. வாசலில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். “யாருப்பா அது, பொண்ண கலாட்டா பண்றவனா?” என்று ஓர் ஆட்டோக்காரர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். “இல்லீங்க, எங்க அண்ணன்” என்று அவள் சொன்ன பிறகுதான் நின்றார். நின்றவர், காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, “அப்பன்னா இன்னும் ரெண்டு போடும்மா” என்றார்.

அவளுடன் வந்த தோழி ராஜாத்தி, கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவள். சமாதானமாக ஏதாவது பேசுவோம் என்று அவளிடம், “நீ எப்படிம்மா எழுதின?” என்றேன்.

“நல்லா எழுதிருக்கேங்கண்ணா. வரிசையா எழுதிட்டேன். எங்க ஆஸ்டலுக்கு ஒங்க பேப்பர் வரதில்லீங்க.”

எங்கள் பத்திரிகை எட்டாத இடங்களில் எல்லாம் அன்று பிள்ளைகள் நன்றாக எழுதியிருக்கிறார்கள்.

அலுவலகம் போனேன். “இயற்பியல் எப்படி, ஈஸியா கஷ்டமா?” என்று தலைமை நிருபர் கேட்டார். தோள் எரிந்தது. “சற்றுக் கடினம்” என்று எழுதிக்கொடுத்தேன்.

மறுநாள் காலை பாஸ்கரின் பத்திரிகையைப் பிரித்தேன். மூன்று பத்தி அகலத்தில் என் தங்கை. வாய் திறந்திருக்கிறது, பரீட்சை அட்டை வானத்தில் இருக்கிறது. ஓரத்தில் யாரோ ஒருவனுடைய குனிந்த முதுகு. கீழே: ‘இயற்பியல் எளிது: கள்ளக்குறிச்சியில் தேர்வு முடிந்து உற்சாகத்துடன் வெளியே வரும் மாணவி.’

பாஸ்கரை அழைத்தேன்.

“டேய், அது என் தங்கச்சிடா! என்னை அடிச்சிக்கினு இருக்காடா!”

“தெரியும்பா. நான் இன்னா பண்றது? கேப்ஷன காலையிலயே அடிச்சி வச்சிட்டாங்க. கைய தூக்கின மாதிரி ஒரு படம் வேணும்னாங்க. நேத்து கைய தூக்கினது ஒன் தங்கச்சி மட்டுந்தான்.”

எனக்கு அவன்மேல் கோபம் வந்தது, ஆனால் அது நீடிக்கவில்லை. நானும் அப்படித்தானே படம் எடுக்கப் போயிருந்தேன்? தேர்வறைக்குள் ஒரு பெண்ணின் மூன்று வருட ஆசை கைநழுவிக்கொண்டிருந்தபோது, அவள் உற்சாகமாக வெளியே வந்துவிட்டதாக இரண்டு அலுவலகங்களில் முடிவாகியிருந்தது.

வீட்டில் அம்மா கத்தினாள். “ஏன்டா, தெரியாததுக்கு தெரியலன்னு சொன்னா வாய் வெந்துடுமா?” நாள்காட்டிக்குப் பக்கத்திலிருந்த கட்டுரையைக் கிழிக்கப் போனாள், பசை ஜாஸ்தி, வரவில்லை. பாதி கிழிந்து, மோவாயும் கையும் மட்டும் சுவரிலேயே நின்றன. அப்பா கத்தவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“ராசிபலன் யார்ரா எழுதறது?”

நான் மாட்டுக்கொட்டகைப் பக்கம் பார்த்தேன். தினமும் அதைப் படித்துவிட்டுத்தான் அவர் வயலுக்குக் கிளம்புவார். (வாரத்தில் இரண்டு நாள் நான்தான் எழுதினேன். அவருடையது ரிஷபம். நல்லதாகத்தான் எழுதினேன்.)

முடிவு வந்தது. மற்ற பாடங்களில் எல்லாம் தொண்ணூறுக்கு மேல். இயற்பியலில் எழுபத்தொன்று. திருத்தியவர் தவறு செய்திருப்பார், விடைத்தாள் நகல் வாங்கிப் பார்க்கலாம் என்று நான்தான் குதித்தேன். நகல் வந்தது. அவர் எந்தத் தவறும் செய்திருக்கவில்லை. மின்மாற்றிக்கு முழு மதிப்பெண் கொடுத்திருந்தார். கடைசிப் பக்கத்தில் அ, ஆ, இ, ஈ எல்லாம் தனித்தனியாக நின்றன. பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு பூஜ்யம். குறித்த விடைகளில் பாதிக்கு மேல் சரி. அதுதான் தாங்க முடியவில்லை.

கலந்தாய்வில் அரசு இடம் அவளுக்கு ஒரு முழம் தள்ளிப் போனது. தனியார் கல்லூரி நினைத்துப் பார்க்கிற விஷயமில்லை. அரசு கலைக் கல்லூரியில் வேதியியல் சேர்ந்தாள். இன்று பள்ளியில் வேதியியல் ஆசிரியை. நல்ல ஆசிரியை என்கிறார்கள். ராஜாத்தி வேளாண்மை படித்து முடித்துவிட்டாள். கவிதா அவளோடு போனில் பேசும்போது நான் அந்த அறையில் இருப்பதில்லை.

அதிலிருந்து சொந்தக்காரர்கள் மத்தியில் எனக்குப் பெயர் ‘டெக்னிக் சார்’. எங்கே பஸ் ஏறலாம் என்று நான் சொன்னால், “டெக்னிக் சார் சொல்ட்டாரு, அந்தப் பக்கம் போவாத” என்பார்கள்.

போன தை மாதம் கவிதாவுக்குக் கல்யாணம். மண்டப வாசலில் சித்தப்பா பிள்ளைகள் ஒரு பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். அந்தப் படம்தான். தலைக்குமேல் அட்டை, ஓரத்தில் என் முதுகு. கீழே: ‘மாப்பிள்ளை கவனத்துக்கு: கேட்ட கேள்விக்கு வரிசையாகப் பதில் சொல்லவும்.’

மாப்பிள்ளை மேடையில் அவளிடம் கேட்டார். “அந்த பேனர்ல ஓரமா குனிஞ்சிக்கினு இருக்கறது யாரு?”

“எங்க அண்ணன்.”

“இன்னா பண்றாரு அங்க?”

“வழி காட்டறாரு.”

மேடை சிரித்தது. நானும் சிரித்தேன். புகைப்படம் எடுக்க அவள் பக்கத்தில் நின்றபோது, உதடு அசையாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: “அந்த சீட்டு கெடச்சிருந்தா இந்நேரம் நான் ஆபீசருண்ணா. மறந்துட்டேன்னு நெனச்சிக்காத.”

பிறகு பூச்செண்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்ற உயர்த்தினாள். எனக்குத் தன்னால் முதுகு வளைந்தது. புகைப்படக்காரர், “சூப்பர் சார், அப்படியே இருங்க!” என்றார்.

ஆல்பத்தில் முழுப்பக்கத்துக்கு அந்தப் படம் இருக்கிறது. புரட்டிப் பார்க்கிறவர்கள், தங்கை கல்யாணத்தில் அண்ணன் எவ்வளவு பணிவாக நிற்கிறான் என்று சொல்கிறார்கள்.