சுந்தரத்துக்கு வயிறு சரியில்லை

பாம்பு வளர்ப்பவனைப் பார்த்து ஊரே கேட்கும் முதல் கேள்வி, "கடிக்காதா?" என்பதுதான். வளர்ப்பவனுக்கு அந்தக் கவலை முதல் வாரத்தோடு தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு அவன் வாழ்க்கையில் ஒரே ஒரு கவலைதான் மிச்சம்: வெளிக்குப் போச்சா, இல்லையா? (கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.)

என் பாம்பின் பெயர் சுந்தரம். ஆப்பிரிக்க வம்சத்து பால் பைத்தான். என் பெல்ட்டைவிடக் கொஞ்சம் நீளம், விஷம் கிடையாது. பயந்தால் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும், அதனால்தான் இங்கிலீஷில் அந்தப் பெயர். எங்கள் தெருவில் இதை யாரும் நம்பவில்லை. பால் பைத்தான் என்றால் பால் குடிக்கும் பாம்பு என்று அவர்களாகவே முடிவுசெய்துகொண்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா வெள்ளிக்கிழமைதோறும் பக்தியோடு ஒரு டம்ளர் பால் கொண்டுவந்து கொடுப்பார். சுந்தரம் பால் குடிக்காது. நான் குடித்தேன்.

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் அந்தமானிலிருந்து மாற்றலாகி மெயின்லேண்டுக்குப் போனபோது, முறைப்படி பதிவு செய்திருந்த சுந்தரத்தை முறைப்படி என் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். பெயர் வைத்தது என் தங்கை மலர்விழி. எவ்வளவு அவசரமான வேலை இருந்தாலும் நிதானமாகத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும் அந்த முகத்துக்கு வேறு பெயர் பொருந்தாது என்றாள். அம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். அதன் சாப்பாட்டு எலிகள் தன் ஃப்ரிட்ஜுக்குள் வரக்கூடாது. அதற்கென்று தனியாக ஒரு குட்டி ஃப்ரிட்ஜ் வாங்கினேன். விருந்தாளிகள் அதைத் திறந்துவிடாமல் காவல் காப்பது அப்பாவின் பொறுப்பு.

எனக்கு அப்போது முப்பது ஆகவில்லை. மொபைலில் பத்து வீடியோ பார்த்திருந்தேன். எனவே பாம்பு சாஸ்திரத்தில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற நினைப்பு. அந்த நினைப்பில்தான் புது ஏசி வாங்கினேன். போர்ட் பிளேர் புழுக்கத்தில் நான் மட்டும் சில்லென்று படுத்துக்கொண்டு, சுந்தரம் ஹாலில் கிடந்து வேர்ப்பதா? மனசு கேட்கவில்லை. அவன் கண்ணாடிப் பெட்டியை என் அறைக்கே கொண்டுவந்து, காற்று நேராகப் படுகிற இடத்தில் வைத்தேன். (பாம்புக்கு வேர்க்காது. அந்த வீடியோவை நான் பார்க்கவில்லை.)

கொஞ்ச நாளில் சுந்தரம் எலியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படுத்துக்கொள்ள ஆரம்பித்தான். வாலுக்கு மேலே சின்னதாக ஒரு வீக்கம். அப்போதுதான் யோசித்துப் பார்த்தேன். உள்ளே போன எலிகள் நினைவில் இருந்தன. வெளியே எதுவும் வந்ததாக நினைவில்லை. அம்மாவைக் கேட்டேன்.

"என்னைக் கேட்டா? உன்னைப் பெத்ததுக்கு உனக்குப் பார்த்தேன். அதுக்கும் நான்தான் பார்க்கணுமா?"

ஆனால் அன்று சாயங்காலம் அம்மாவே பெட்டி அருகில் வந்து குனிந்து பார்த்து, "என்னடா இப்படி வாடிப் போயிட்டான்" என்றார். அவர் வாயிலிருந்து "அது" போய் "அவன்" வந்தபோதுதான் எனக்கே பயம் பிடித்துக்கொண்டது.

மறுநாள் சுந்தரத்தைத் துணிப்பையில் போட்டு, பையை அட்டைப்பெட்டியில் வைத்து, அபர்டீன் பஜாரில் ஆட்டோ பிடித்தேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

"டப்பே மே க்யா ஹை, பாய்?"

பெட்டிக்குள் என்ன என்று கேட்கிறார். பொய் சொல்லவும் வரவில்லை, உண்மை சொல்லவும் துணிவில்லை. "பீமார் ஹை" என்றேன், உடம்பு சரியில்லை என்று. பெட்டி லேசாக அசைந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் ஏற்றத்தில் அவ்வளவு வேகமாகப் போன ஆட்டோவை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

கால்நடை மருத்துவமனையில் நல்ல கூட்டம். ஆடுகள், நாய்கள், ஒரு கோபக்காரச் சேவல். என் பக்கத்தில் ஆட்டோடு உட்கார்ந்திருந்தவர் சினேகமாக, "முர்கி?" என்றார், கோழியா என்று. "நஹி, சாம்ப்" என்றேன். பாம்பு என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு முன்னால் வரிசையே இல்லை. சேவல் மட்டும் இருந்தது. அதைப் பிடித்திருந்தவரைக் காணோம்.

டாக்டர் மேடம் பெங்காலி. சுந்தரத்தைத் தூக்கி, வயிற்றை விரலால் மெதுவாக நீவிப் பார்த்தார். உள்ளே கட்டி கட்டியாக இறுகியிருக்கிறது என்றார்.

"கமரே மே ஏசி சல்தா ஹை?" அறையில் ஏசி ஓடுகிறதா என்று கேட்டார்.

"ஹாங் மேடம், ஃபுல் டைம்!" என்றேன் பெருமையாக. பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் அந்த அறைக்கே ஏசி தேவைப்படவில்லை. பாம்புக்குத் தன் உடம்பைச் சூடாக்கிக்கொள்ளத் தெரியாது, வெளியிலிருந்து சூடு கிடைத்தால்தான் தின்றது செரிக்கும், என் ஏசி அவனைக் குளிரவும் வைத்து உலரவும் வைத்துவிட்டது என்று பொறுமையாக விளக்கினார். வைத்தியமும் சொன்னார். ஏசி கூடாது. சாப்பாடு கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சமாக விட்டு, தினமும் அதில் அவனை விட வேண்டும். தலை மூழ்கக் கூடாது, கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

"ஞாயிற்றுக்கிழமைக்குள் போகவில்லை என்றால், திங்கட்கிழமை காலையில் கொண்டுவா. எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம். ஆபரேஷன் என்றால் மெயின்லேண்டில்தான்" என்றார் இந்தியில். "அதுவரை தாங்குவானா என்று சொல்ல முடியாது."

திரும்பி வரும்போது பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டு வந்தேன். ஒரு பாம்பை இப்படித் தூக்கிக்கொண்டு வருவேன் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தினமும் தண்ணீரில் விட்டும் சுந்தரம் வெளிக்குப் போகவில்லை. அன்றைக்குத்தான் மலரைப் பெண் பார்க்க பெரார்கஞ்சிலிருந்து வருகிறார்கள். மாப்பிள்ளை சரவணன், அவர் அப்பா, அம்மா. பாக்குத் தோட்டமும் வயலும் உள்ள குடும்பம். அவர்கள் சாயங்காலம்தானே வரப்போகிறார்கள் என்று மதியமே பாத்ரூமில் பெரிய பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் விட்டு சுந்தரத்தை இறக்கிவிட்டேன். என்றைக்குமே நேரத்துக்கு வராத பெரார்கஞ்ச் பஸ், அன்றைக்குப் பார்த்து விமானம் மாதிரி வந்து சேர்ந்துவிட்டது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் அம்மா பாத்ரூம் கதவைத் தட்டினார்.

"அவங்க வந்தாச்சுடா. போற வரைக்கும் அவனும் நீயும் உள்ளயே கிடங்க. மூச்சு விடக்கூடாது."

"யாராவது பாத்ரூம் கேட்டா?"

"பின்னாடி இன்னொண்ணு இருக்கு. நீ கதவைத் தாழ் போடு."

போட்டேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு டப்புக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். இனி ஹாலில் நடந்ததெல்லாம் பிறகு மலர் சொன்னது. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கொஞ்சம் சேர்த்துத்தான் சொல்கிறாள் என்றாலும், என்னால் மறுக்க முடியவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா உட்கார்ந்ததும், "பையன் எங்கேங்க?" என்று கேட்டிருக்கிறார். அம்மா பதறிப்போய், "அவனுக்குக் கொஞ்சம் வயிறு சரியில்லீங்க, பாத்ரூம்ல இருக்கான்" என்று சொல்லிவிட்டார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பாத்ரூமுக்கும் ஹாலுக்கும் நடுவே இருப்பது ஒரு பலகைக் கதவு. அதற்குள்ளிருந்து என் குரல் கேட்க ஆரம்பித்தது.

"போடா கண்ணா... கொஞ்சம் முயற்சி பண்ணு... உன்னால முடியும்டா..."

ஹாலில் மூன்று தலைகள் கதவுப் பக்கம் திரும்பின.

"சபாஷ்... வருது வருது... அய்யோ, திரும்ப உள்ள போயிட்டியே..."

அப்பா ஃபேனைக் கூட்டி வைத்தார். அம்மா கேசரியை எடுத்துக்கொள்ளச் சொன்னார். மாப்பிள்ளையின் அப்பா கேசரியைப் பார்த்துக்கொண்டே, "தன்னம்பிக்கையான பையன்" என்றாராம்.

உள்ளே எனக்கு வியர்த்துக் கொட்டியது. தண்ணீர் ஆறிப்போனதால், மறுபடி வெந்நீர் கலந்து, முழங்கையால் சூடு பார்த்து ஊற்றினேன். சுந்தரம் டப்பை ஒரு சுற்று சுற்றி வந்தான். நின்றான். வாலைத் தூக்கினான். நான் மூச்சை நிறுத்திக்கொண்டேன். அடுத்து நடந்ததை விவரிக்க எனக்கு ஆசைதான். ஆனால் பத்திரிகையில் இடமில்லை, உங்களில் சிலர் சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் சுண்ணாம்புக் கட்டி மாதிரி இரண்டு வந்தன. பிறகு ஏசி வாங்கிய நாளிலிருந்து சேர்ந்தது எல்லாம் வந்தது. டப்புக்குள் கொஞ்சம், என் லுங்கிமேல் மிச்சம். அந்த நாற்றத்தை அப்படி ஆனந்தமாக முகர்ந்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அம்மா சொன்னது, பெண் பார்ப்பது, எல்லாம் மறந்துவிட்டது. கதவைத் திறந்துகொண்டு ஹாலுக்கு ஓடினேன். இரண்டு கைகளையும் தூக்கிக் கத்தினேன்.

"போயிட்டான்! சுந்தரம் போயிட்டான்!"

மாப்பிள்ளை வீட்டார் மூவரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அவர்கள் தப்பில்லை. நல்ல காரியம் பேச வந்த இடத்தில் ஒருவன் ஈர லுங்கியோடு ஓடிவந்து யாரோ போய்விட்டார் என்று கத்தினால், வேறென்ன செய்வார்கள்? அவர்களைக் குழப்பியது எங்கள் வீட்டார் அதை வாங்கிக்கொண்ட விதம்தான்.

"அப்பாடா! மாரியம்மா, வயித்துல பாலை வார்த்த தாயே!" என்று அம்மா கைகூப்பினார்.

காபித் தட்டோடு வந்த மலர், பட்டுப்புடவையில் ஒரு துள்ளு துள்ளினாள். "நெஜமாவா அண்ணா? முழுசாப் போயிட்டானா?"

"முழுசா!"

மாப்பிள்ளையின் அம்மா அப்பாவைப் பார்த்து மெல்லக் கேட்டார். "உங்களுக்கு வேண்டியவருங்களா?"

"வீட்டோட இருக்கிறவன்தாங்க" என்றார் அப்பா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ரொம்ப அவஸ்தைப்பட்டுட்டான். இனிமே நிம்மதி."

"வயசு?"

"நாலு."

அந்த அம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நாலு வயதுப் பிள்ளை போனதற்குத் துள்ளிக் குதிக்கும் குடும்பத்தில் பெண் எடுப்பதா என்று அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. எனக்கு அப்போதுதான் சூழ்நிலை உறைத்தது. வாயால் விளக்கினால் இன்னும் மோசமாகும் என்று தோன்றியது. உள்ளே ஓடி, சுந்தரத்தைக் கழுவி, துண்டில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினேன்.

"இவன்தாங்க சுந்தரம். ரொம்ப நாளா வெளிக்குப் போகாம இருந்தான். வெதுவெதுப்பான தண்ணியில விட்டேன், இப்பதான் போனான்."

துண்டுக்குள்ளிருந்து சுந்தரம் நிதானமாகத் தலையைத் தூக்கிச் சபையைப் பார்த்தான்.

மாப்பிள்ளை சோபாமேல் ஏறியது எப்போது என்று யாரும் பார்க்கவில்லை. பார்க்கும்போது மேலே நின்றுகொண்டிருந்தார். அவர் அம்மாவோ அருகில் வந்து, "இதுவா? எங்க பாக்குத் தோட்டத்துல இதைவிட நாலு மடங்கு பார்த்திருக்கேன்" என்று சுந்தரத்தின் முதுகை ஒரு விரலால் தடவினார். பிறகு தன் மகனை அண்ணாந்து பார்த்தார். "இறங்குடா. பொண்ணு பார்க்க வந்தியா, தேங்கா பறிக்க வந்தியா?"

முதலில் சிரித்தது மலர். அடுத்து சோபாமேலிருந்தபடியே மாப்பிள்ளை. மாப்பிள்ளையின் அப்பாவுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "நான் இவ்வளவு நேரமும் தம்பிக்குன்னு நினைச்சேன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மலரும் மாப்பிள்ளையும் தனியாகப் பேசப் போனபோது சரவணன், "எனக்குப் பாம்புன்னா பயங்க, மறைக்க விரும்பல" என்றாராம். "எனக்கும்தான், அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க" என்று இவள் சொல்லியிருக்கிறாள். அதோடு கல்யாணம் முடிவாகிவிட்டது. மீதியெல்லாம் பெரியவர்கள் பேசிக்கொண்ட சம்பிரதாயம்.

கிளம்பும்போது மாப்பிள்ளையின் அப்பா மட்டும் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தி, "தம்பி, அந்த வெதுவெதுப்பான தண்ணி... மனுஷங்களுக்கும் கேக்குமா?" என்றார். உட்கார்ந்து பாருங்கள் மாமா என்றேன். மறுநாள் காலையில் போன் வந்தது. "நானும் போயிட்டேன்!" என்று ஒரு கம்பீரக் குரல். வெற்றியின் குரலை எந்தப் போனிலும் கண்டுபிடித்துவிடலாம்.

அதிலிருந்து இரண்டு குடும்பத்திலும் அது வழக்கமாகிவிட்டது. இழுத்துக்கொண்டே இருந்த எந்தக் காரியம் நடந்தாலும், சென்னைக் கப்பலுக்கு டிக்கெட் கிடைத்தாலும், மாற்றல் ஆர்டர் வந்தாலும், "சுந்தரம் போயிட்டான்" என்றுதான் செய்தி போகும். மலர் கழுத்தில் மூன்றாவது முடிச்சு விழுந்தபோது மாமாவால் தாங்க முடியவில்லை. மண்டபமே அதிர, "சுந்தரம் போயிட்டான்!" என்று கத்திவிட்டார். நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். மெயின்லேண்டிலிருந்து வந்திருந்த பெரியப்பா மட்டும் கையிலிருந்த அட்சதையை மெதுவாகக் கீழே போட்டுவிட்டு, அப்பாவின் தோளைப் பிடித்து ஆறுதல் சொன்னார். கூட்டத்தில் அவருக்கு விளக்க யாருக்கும் நேரமில்லை. பிறகு விளக்க யாருக்கும் மனசு வரவில்லை.

போன வாரம்கூட அவர் போன் செய்தார். எல்லார் நலமும் விசாரித்துவிட்டு, கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அந்த சுந்தரம் காரியமெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதாப்பா?"

அப்பா கண்ணாடிப் பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இப்பல்லாம் மாசா மாசம் ஒழுங்கா முடியுதுண்ணே."