மேல்தெருவுக்கு மேலிடத்து உத்தரவு

நகரத்துக்குத் தண்ணீர் விடும் அலுவலகத்தின் தலைமை அதிகாரியிடம் கடவுள் முதன்முதலாகப் பேசியது, அவர் முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது.

"நீ செய்வதெல்லாம் சரி" என்றது குரல்.

வீட்டிலும் அலுவலகத்திலும் யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதே இல்லை. ஆகவே பேசியது மனிதப்பிறவி அல்ல என்று, தக்க பரிசீலனைக்குப் பின், அவர் முடிவுசெய்தார்.

அதன்பின் கடவுள் அன்றாடம் வந்தார். மின்விசிறி யார் மேசைக்கு நேரே வரவேண்டும் என்பதில்கூட இருவருக்கும் ஒரே கருத்து. மேல்தெருவில் குடியிருந்த தங்கை கணவர், ஒரு விருந்தில் எல்லார் முன்னாலும் அதிகாரியின் தலைச்சாயத்தைக் கிண்டல் செய்திருந்தார். கடவுளுக்கும் அது மனசில் தைத்திருந்தது போலும்.

"மேல்தெருவுக்குத் திமிர் ஏறிப்போச்சு. தண்ணியை நிறுத்து. கீழ்த்தெருவுக்கு நாள் முழுக்க விடு" என்றார் கடவுள்.

அதிகாரி அதை அப்படியே உத்தரவாக எழுதச் சொன்னதும் குமாஸ்தா தலையைச் சொறிந்தார். "ஐயா, காரணம் என்னன்னு எழுதறது?"

"மேலிடத்து உத்தரவுன்னு எழுதுங்க."

"எவ்வளவு மேலிடம் ஐயா?"

"அதுக்கு மேல இடமே இல்லய்யா!"

குமாஸ்தா மரியாதையாக எழுந்து நின்று எழுதினார்.

மேல்தெருக் குழாய்கள் காற்றைக் கக்கின. தங்கை போன் செய்தாள். "அண்ணா, குழந்தைக்குக் காய்ச்சல் கொதிக்குது. நெத்தியில துணி நனைச்சுப் போடக்கூடத் தண்ணி இல்ல."

அதிகாரிக்கு நெஞ்சு என்னவோ செய்தது. உள்ளே ஒரு சின்னக் குரல், "திறந்து விடுடா, பாவி" என்றது. அவர் திடுக்கிட்டார். தன்னைத் திட்டும் குரல் கடவுளுடையதாக இருக்க வழியில்லை. அஜீரணம்தான் என்று ஒரு மாத்திரை போட்டுக்கொண்டார். குரல் அடங்கிவிட்டது.

அன்று மாலை தட்டச்சு செய்யும் அம்மா வந்து நின்றார். "ஐயா, கடவுள் என்கிட்டயும் பேசினாரு. மேல்தெருவுக்குத் தண்ணி விடச் சொல்றாரு."

"உங்ககிட்ட எப்படிம்மா நேரா பேசுவாரு? எதுவானாலும் என் வழியாத்தான் வரணும். கடவுளுக்கு ஆபீஸ் நடைமுறை தெரியாதா?"

விஷயம் முற்றி, விசாரணைக்கு மேலதிகாரி வந்தார். கீழ்த்தெரு மக்களை அழைத்துக் கேட்டார். எல்லாரும் குளித்து, ஈரத் தலையோடு வந்திருந்தார்கள்.

"எங்ககிட்டயும் பேசினாருங்க. அதே குரல்!"

"என்ன சொன்னாரு?"

"இப்படியே விடச் சொன்னாரு."

இத்தனை பேர் சாட்சி சொன்னபின் மறுக்க முடியுமா? உரிய அனுமதியின்றி இறைவாக்குக் கேட்ட குற்றத்துக்காகத் தட்டச்சு அம்மாவுக்கு இடமாற்றம் வந்தது.

தங்கை குடத்தை எடுத்துக்கொண்டு கீழ்த்தெருவுக்கு நடந்தாள். முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள். வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, குடத்தையும் பார்த்தாள்.

"தரக்கூடாதுன்னு இல்லம்மா. கடவுள் என்ன சொல்றாருன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே கொல்லைப்புறத்தில், மூடாத குழாயிலிருந்து தண்ணீர் தடதடவென்று கொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் கடவுள் என்ன சொன்னாரோ, அந்த அம்மாள் திரும்பி வரவில்லை.