வளைந்த கூரையும் காலை நல்ல நேரமும்

ஊருக்கு நல்லது செய்யக் கிளம்புகிறவர்கள், அதை முதலில் ஆள் இல்லாத நேரத்தில் சோதித்துப் பார்ப்பது இயல்பு. என் வீழ்ச்சி அந்த அடக்கத்தில்தான் தொடங்கியது.

பொறியியல் முடித்த கையோடு, ராஜபாளையம்–ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் எங்கள் ஊர்ப் பேருந்து நிழற்குடையின் வளைந்த கூரைமேல், வளையக்கூடிய சோலார் தகடுகளைப் பதித்தேன். கீழே ஒரு மின்விசிறி. அது ஓடிவிட்டால் பேட்டரியும் விளக்கும் வாங்கித் தருவதாக ஊராட்சித் தலைவர் சொல்லியிருந்தார். விடியுமுன் மில் பேருந்துக்காக அங்கே இருட்டில் நிற்கும் பெண்களுக்கு வேண்டிய விளக்கு அது.

சோதனைகளை உச்சிவேளையில் செய்தேன். அப்போது பேருந்தும் கிடையாது, வேடிக்கை பார்ப்பவரும் கிடையாது. விசிறி பறந்து பறந்து சுற்றியது. எனக்கு நானே கைகொடுத்துக்கொண்டேன். (வேறு கை அருகில் இல்லை.)

திறப்பு விழாவுக்குத் தலைவர் காலை நல்ல நேரம் பார்த்தார். விசிறி இறக்கையில் யாரோ சாமந்திச் சரத்தைச் சுற்றினார்கள். தலைவர் சுவிட்சைப் போட்டார். விசிறி அசையவில்லை.

"என்னம்மா, இன்னும் ஒறக்கம் தெளியலையோ?" என்றார் மினிபஸ் கண்டக்டர்.

"செத்த நேரம் பொறுங்கண்ணே!"

"நீ பொறு தாயி. எனக்கு டைமிங் இருக்கு."

கூட்டம் சிரித்துக்கொண்டே பேருந்தில் ஏறியது. "பொறவு பாப்போம்மா" என்று தலைவர் நழுவினார். மில்லுக்கு லீவு போட்டு வந்திருந்த மாரியம்மா அக்கா மட்டும் கேட்டார்: "அப்ப லைட்டு வராதா பாப்பா?"

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரும் போய்விட்டார்.

தனியே உட்கார்ந்து யோசித்தபோதுதான் விளங்கியது. வளைவை ஒட்டிப் பதித்ததால் ஒரு தகடு கிழக்கையும், ஒன்று வானத்தையும், ஒன்று மேற்கையும் பார்த்தன. மூன்றையும் ஒரே வரிசையில் இணைத்திருந்தேன். மேற்குத் தகடு காலை நிழலில் தூங்க, மற்ற இரண்டும் அதன் அளவுக்கே மின்சாரம் தந்தன. (தேர்வில் இதை முழு மதிப்பெண்ணுக்கு எழுதியவள் நான்.)

சூரியன் தலைக்குமேல் வந்ததும் விசிறி தானாகச் சுழன்றது. சாமந்தி இதழ்கள் மொத்தமும் என்மேல் கொட்டின. வாழ்நாளில் எனக்கு நடந்த ஒரே பாராட்டு விழா; கூட்டம் நான் ஒருத்தி.

மறுநாளே இணைப்பைப் பிரித்து மாற்றினேன். காலையிலும் ஓடியது. பார்க்கத்தான் தலைவர் உட்பட யாரும் வரவில்லை. மில் அக்காக்கள் இன்றும் செல்போன் வெளிச்சத்தில் நிற்கிறார்கள். என் தவறுக்கு அவர்கள் கொடுக்கும் விலை அது.

இப்போது எனக்கு வெளியூரில் வேலை, ஒற்றை அறை. அம்மா உச்சிவேளையில் மட்டுமே அழைக்கிறார். "அப்பத்தான அவளுக்கு ஓடும்" என்று பின்னாலிருந்து அப்பா சிரிப்பார்.

"சாப்பிட்டியாட்டி? கூட யாரும் இருக்காவளா?"

"ஃபேன் ஓடுதும்மா" என்பேன்.